தெற்கே போகும் மூன்று சாலைகள்

சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் செல்ல மூன்று பெரிய சாலைகள் இருக்கின்றன. திருவான்மியூரில் தொடங்கிக் கடலை ஒட்டியே போவது கிழக்குக் கடற்கரைச் சாலை. பேச்சு வழக்கில் ஈசிஆர். அடையாறு மத்திய கைலாஷிலிருந்து கிளம்பி, பக்கிங்காம் கால்வாய்க்கு மேற்கே ஈசிஆருக்கு இணையாக ஓடி, மாமல்லபுரத்துக்கு அருகே பூஞ்சேரியில் ஈசிஆரை எட்டுவது ராஜீவ் காந்தி சாலை. அதைப் பழைய மாமல்லபுரம் சாலை என்றும் சுருக்கமாக ஓஎம்ஆர் என்றும் சொல்வார்கள். மூன்றாவது, கிண்டி கத்திப்பாராவிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம் என்று உள்நாட்டு வழியே செல்லும் ஜிஎஸ்டி சாலை. திண்டிவனத்தில் கிழக்கே திரும்பினால் அதுவும் புதுச்சேரிக்குத்தான் போய்ச் சேரும்.

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ இருந்து சனிக்கிழமை காலையில் புறப்படும் ஒரு குடும்பம் இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. எது சீக்கிரம், எங்கே சுங்கம் குறைவு, எங்கே கடல் தெரியும், எங்கே நல்ல காபி கிடைக்கும் என்பவையே பெரும்பாலும் அந்தத் தேர்வை முடிவு செய்கின்றன. எந்த வழியில் உயிருக்கு ஆபத்து குறைவு என்ற கேள்வி அந்தப் பட்டியலில் அரிதாகவே இடம்பெறுகிறது. விடை சொல்ல முடியாத கேள்வி அல்ல அது. சாலையின் வடிவம், வண்டிகளின் வேகம், புறப்படும் நேரம் ஆகிய மூன்றையும் தெரிந்துகொண்டால் பெருமளவு விடை கிடைத்துவிடும். ஆனால் காரில் போகிறவருக்கும் பைக்கில் போகிறவருக்கும் அந்தச் சாலையை நடந்து கடக்கிறவருக்கும் விடை ஒன்றாக இருக்காது.

கேள்வியின் கனத்தை எண்கள் காட்டுகின்றன. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் பதிவாயின. 1,68,491 பேர் உயிரிழந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்குடன் தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. உயிரிழப்பில் 17,884 பேருடன் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். நாடு முழுவதும் இறந்தவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள், 19.5 விழுக்காட்டினர் நடந்து சென்றவர்கள். இறந்த மூவரில் ஏறத்தாழ இருவரைச் சுற்றி உலோகக் கூடு எதுவும் இருக்கவில்லை.

எண்ணிக்கை வேறு, ஆபத்து வேறு

ஒரு சாலையில் ஆண்டுக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்பது காவல் துறைக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் வேண்டிய கணக்கு. பயணிக்கு வேண்டியது, அந்தச் சாலையில் ஒரு கிலோமீட்டர் போனால் தனக்கு என்ன நேர வாய்ப்பிருக்கிறது என்பது. ஒரே நீளமுள்ள இரண்டு சாலைகளில், ஒன்றில் நாளொன்றுக்கு ஒரு லட்சம் வண்டிகள் ஓடி ஆண்டில் 50 பேர் இறக்கிறார்கள் என்றும், மற்றதில் பத்தாயிரம் வண்டிகள் ஓடி 10 பேர் இறக்கிறார்கள் என்றும் வைத்துக்கொண்டால், செய்தித்தாளில் முதல் சாலையே கொலைகாரச் சாலையாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டாவது சாலையில்தான் ஆபத்து இரண்டு மடங்கு. ஜிஎஸ்டி சாலையைப் பற்றி வரும் செய்திகளைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது. தென்மாவட்டங்களுக்கான போக்குவரத்தில் பெரும்பகுதியைச் சுமக்கும் சாலையில் விபத்துகளின் எண்ணிக்கை அதிகமாகத்தான் இருக்கும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விபத்துக் கரும்புள்ளிக்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ பலத்த காயமோ ஏற்படுத்திய விபத்துகள் ஐந்து நடந்திருக்க வேண்டும். அல்லது பத்துப் பேர் இறந்திருக்க வேண்டும். உபயோகமான வரையறைதான். ஆனால் ஓர் இடம் கரும்புள்ளியாகப் பெயர் வாங்குவதற்குள் அங்கே பலர் அடிபட்டிருப்பார்கள். மேலும், விபத்துகள் ஓரளவு தற்செயலாகவும் கூடிக் குறைபவை. ஒரு மூன்றாண்டில் கூடிய எண்ணிக்கை அடுத்த மூன்றாண்டில் யாரும் எதுவும் செய்யாமலேயே இறங்கக்கூடும். அப்போது இடையில் வைத்த எச்சரிக்கைப் பலகைக்கு அந்தப் புகழ் போய்ச் சேரும்.

இதனால்தான் ரத்தம் சிந்தும்வரை காத்திருக்காமல் சாலையையே அளந்து மதிப்பிடும் முறை உலகெங்கும் பரவியது. பன்னாட்டுச் சாலை மதிப்பீட்டுத் திட்டம் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் மீடியன் உண்டா, ஓரத்தில் மரமோ கம்பமோ எவ்வளவு அருகில் நிற்கிறது, நடைபாதை எங்கே முடிகிறது, குறுக்குச் சாலைகள் எத்தனை என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட கூறுகளைப் பதிந்து, ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை தருகிறது. ஒரு நட்சத்திரம் கூடினால் உயிரிழப்புக்கும் பலத்த காயத்துக்குமான வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகிறது என்பது அந்தத் திட்டத்தின் அனுபவக் கணக்கு. ஒரே சாலை காரில் இருப்பவருக்கு நான்கு நட்சத்திரமாகவும் நடப்பவருக்கு ஒரே நட்சத்திரமாகவும் அமையலாம் என்பது இந்த முறையின் மிக நேர்மையான பகுதி.

வேகத்தின் கணக்கு

ஆபத்தைப் பற்றிய எந்தப் பேச்சும் வேகத்தில்தான் வந்து நிற்கிறது. ஓட்டுநர் ஒரு தடையைக் கண்டு, அது என்னவென்று புரிந்து, பிரேக்கில் கால் வைப்பதற்கு இந்தியச் சாலைப் பேரவையின் வடிவமைப்பு விதி 2.5 விநாடி ஒதுக்குகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி அந்த 2.5 விநாடியில் 42 மீட்டர் ஓடிவிடுகிறது. பிறகு டயருக்கும் தாருக்கும் இடையிலான உராய்வு அதை நிறுத்த இன்னொரு 40 மீட்டர் எடுத்துக்கொள்கிறது. மொத்தம் 82 மீட்டர். மணிக்கு 80 என்றால் முதல் பகுதி 56 மீட்டர், இரண்டாவது 72 மீட்டர். மொத்தம் ஏறத்தாழ 128. வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. நிறுத்தும் தூரம் பாதிக்கு மேல் கூடிவிட்டது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் வளர்வதே காரணம்.

82 மீட்டர் முன்னால் ஒரு மாடு சாலையில் இறங்குகிறது என்று கொண்டால், 60இல் வந்தவர் அதன் முன்னே வந்து நின்றுவிடுவார். 80இல் வந்தவர் அதே இடத்தை எட்டும்போது அவருடைய வண்டி இன்னும் மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இருபது கிலோமீட்டர் கூடுதல் வேகம் என்பது இருபது கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது அல்ல. முதலாமவர் மாட்டைக் கண்டபோது இருந்த வேகத்தைவிட அதிகமான வேகத்தில் இரண்டாமவர் மோதுகிறார். மணிக்கு 60 கிலோமீட்டரில் சுவரில் மோதுவது 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்காம் மாடிக்கு மேலிருந்து, தரையில் விழுவதற்குச் சமம். 80 என்றால் அந்த உயரம் 25 மீட்டர்.

இவ்வளவுக்கும் கிடைக்கும் ஆதாயம் என்ன? 40 கிலோமீட்டர் தூரத்தை 60இல் கடக்க 40 நிமிடம், 80இல் கடக்க 30 நிமிடம். வழியில் ஒரு சிக்னலும் குறுக்கிடாவிட்டால்தான் இந்தப் பத்து நிமிடமும் மிஞ்சும். சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்துகள் ஏறத்தாழ நான்கு விழுக்காடு கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடந்து செல்பவரை 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் மோதுவதோடு ஒப்பிட்டால், 65இல் மோதும்போது அவர் இறக்கும் வாய்ப்பு நான்கரை மடங்கு.

மோதலின் திசை

வேகத்துக்கு அடுத்து முக்கியமானது எந்தத் திசையிலிருந்து மோதல் வரும் என்பது. ஒரே திசையில் 80இல் போகும் கார் 60இல் போகும் காரை முட்டினால் வேக வேறுபாடு 20. எதிரெதிரே வந்து மோதினால் அதே இரண்டு வண்டிகளின் வேக வேறுபாடு 140. ஆகவே மீடியன் உள்ள சாலைக்கும் இல்லாத சாலைக்கும் உள்ள வேறுபாடு வசதியைப் பற்றியதல்ல. மீடியன், மிகக் கொடிய மோதல் வகையை ஏறக்குறைய முழுவதுமாகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறது. சுவீடன் 1997இல் சாலைச் சாவுகளைச் சுழியமாக்குவதை நாடாளுமன்றக் கொள்கையாக ஏற்றது. அடுத்த ஆண்டிலிருந்து அகலமான இருவழிச் சாலைகளின் நடுவே எஃகுக் கம்பித் தடுப்பு கட்டியது. சாலை அகலமாகவில்லை, புதிதாக நிலம் எடுக்கவில்லை. ஆனாலும் அந்தச் சாலைகளில் உயிரிழப்பு முக்கால் பங்கு அளவுக்குக் குறைந்தது.

மீடியன் இல்லாத இருவழிச் சாலையில் முந்துவதற்கு எவ்வளவு தூரம் வெறுமையாகத் தெரிய வேண்டும் என்பதையும் இந்தியச் சாலைப் பேரவை வகுத்திருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு 300 மீட்டர், 80க்கு 470 மீட்டர், 100க்கு 640 மீட்டர். அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் வரும் லாரியின் வேகத்தைக் கண்ணால் மதிப்பிடும் திறன் மனிதருக்கு மிகக் குறைவு. நேர் எதிரே வரும் பொருளின் உருவம் தொலைவில் மெல்லத்தான் பெரிதாகிறது. கடைசி சில விநாடிகளில் சட்டென்று வீங்குகிறது. அனுபவமுள்ள ஓட்டுநருக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை.

சந்திப்புகளுக்கும் கணக்கு உண்டு. நான்கு சாலைகள் கூடும் சாதாரண நாற்சந்தியில் வண்டிகளின் பாதைகள் ஒன்றோடொன்று இடிபடக்கூடிய புள்ளிகள் 32. மூன்று சாலைகள் கூடும் முச்சந்தியில் 9. ரவுண்டானாவில் 8. இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் வலப்பக்கம் திரும்புவதே எதிர்வரும் ஓட்டத்தை அறுத்துக்கொண்டு போவது. ஓஎம்ஆரில் இந்திரா நகர் அருகே 2023இல் திறக்கப்பட்ட யூ வடிவ மேம்பாலம் நேர் ஓட்டத்தை அறுக்காமல் வண்டி திரும்ப வழி செய்தது. நெரிசலைக் குறைக்கவே கட்டினார்கள் என்றாலும் அதன் பாதுகாப்புப் பயனும் சிறியதல்ல.

மூன்று சாலைகளும் மூன்று குணங்களும்

ஈசிஆரின் ஆபத்து அதன் நிலவியலிலேயே இருக்கிறது. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். நடுவே ஒடுங்கிய மணல்மேடு. அந்த ஒரே மேட்டில்தான் கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், பனையூர், உத்தண்டி, கானாத்தூர், கோவளம் எல்லாம் அமைந்திருக்கின்றன. ஊரும் சாலையும் ஒதுங்கிக்கொள்ள வேறு இடமில்லை. மீனவர் குப்பங்கள் கடல் பக்கம். பேருந்து நிறுத்தமும் கடையும் பள்ளியும் பல இடங்களில் எதிர்ப்பக்கம். புறவழிச்சாலை அமைக்கவும் இடமில்லாத இந்தத் துண்டில், உள்ளூர்த் தெருவாகவும் நெடுந்தூரச் சாலையாகவும் உல்லாசப் பயணத்துக்கான கடற்கரைச் சாலையாகவும் ஒரே தார்ப்பரப்பு மூன்று வேலை செய்கிறது.

தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் 1998இல் தொடங்கப்பட்டது. 2002இலிருந்து ஈசிஆரில் சுங்கம் வசூலிக்கப்படுகிறது. அன்று அது பெரும்பாலும் இருவழிச் சாலை. பின்னர் அக்கரை முதல் மாமல்லபுரம் வரை நான்கு வழியாக, மீடியனுடன் அகலப்படுத்தப்பட்டது. நேருக்கு நேர் மோதல் அந்தப் பகுதியில் அரிதாயிற்று. ஆனால் அகலமும் நேர்த்தியும் வேகத்தை அழைத்துவந்தன. உத்தண்டி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் கால் தானாக அழுத்துகிறது. முட்டுக்காடு பாலத்தில் தண்ணீரைப் பார்க்க ஓரத்தில் நிறுத்தியவர்கள், மீடியன் இடைவெளியில் யூ டர்ன் அடிப்பவர்கள், கோவளம் சந்திப்பில் சாலை கடப்பவர்கள் எல்லோரும் அந்த வேகத்தின் நடுவேதான் வருகிறார்கள். சாலையை அகலப்படுத்துவதையே பாதுகாப்பு என்று நினைப்பது அரசுகள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு. காருக்குள் இருப்பவரின் ஆபத்தை அது குறைக்கிறது. காருக்கு வெளியே இருப்பவரின் ஆபத்தைக் கூட்டுகிறது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம், கடப்பாக்கம், மரக்காணம் வழியாகப் புதுச்சேரி வரை ஈசிஆரின் இயல்பு வேறு. நீண்ட காலம் மீடியன் இல்லாத இருவழிச் சாலையாக இருந்த பகுதி அது. தேசிய நெடுஞ்சாலை 332ஏ என்று பெயர் மாறி, நான்கு வழியாக்கும் பணிகள் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. சவுக்குத் தோப்புகளும் உப்பளங்களும் சூழ, கண்ணுக்கு இதமாக இருக்கும் இந்தத் தூரத்தில்தான் முந்துவதற்கான அந்த 470 மீட்டர் கணக்கு உயிர்நிலையாகிறது. சாலைப்பணி நடக்கும் இடங்களில் மாற்றுப்பாதை, ஜல்லி, திடீரென்று ஒடுங்கும் தார் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன.

ஓஎம்ஆரின் கதை வேறு. மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர், ஆறுவழிச் சாலையாக 2008இல் திறக்கப்பட்டது. மென்பொருள் வளாகங்கள் நிறைந்த அந்தத் தூரத்தில் வேலைநாட்களில் நெரிசல். இப்போது மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணிக்கான தடுப்புகளும் சேர்ந்து வேகத்தை மேலும் குறைத்திருக்கின்றன. எரிச்சலூட்டும் இந்த மந்தம் காரில் இருப்பவரின் உயிருக்கு ஒருவகைக் காப்பு. மணிக்கு 30 கிலோமீட்டரில் நடக்கும் மோதலில் காரின் தகரம் நசுங்கும். உள்ளே இருப்பவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். இங்கே அடிபடுகிறவர்கள் வேறு: சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வரும் பைக்கை எதிர்பாராதவர்கள், தண்ணீர் லாரியின் பக்கவாட்டில் மறைந்துபோகும் ஸ்கூட்டர்கள், ஷேர் ஆட்டோவிலிருந்து சாலையின் பக்கம் இறங்குகிறவர்கள். ஞாயிறு அதிகாலையில் அதே ஆறு வழியும் காலியாகக் கிடக்கும்போது ஓஎம்ஆரின் குணமே மாறிவிடுகிறது.

ஜிஎஸ்டி சாலையில் லாரியும் ஆம்னி பேருந்தும் அதிகம். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறக்கப்பட்டதிலிருந்து தென்மாவட்டப் பேருந்துகள் அங்கிருந்தே கிளம்புகின்றன. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய இரவுகளில் வண்டலூரிலிருந்து செங்கல்பட்டு வரை வண்டிகள் ஊர்ந்து செல்கின்றன. ஆனால் தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வரையும், அங்கிருந்து புதுச்சேரி வரையும் மீடியன் உண்டு. இங்கே பெரிய ஆபத்து பின்னாலிருந்து மோதுவது. குறிப்பாக, பின்விளக்கு எரியாமல் ஓரத்தில் நிற்கும் லாரியின் அடியில் கார் புகுந்துவிடுவது. அப்போது காரின் முன்பகுதி அதிர்ச்சியை வாங்காது; லாரியின் தளம் கண்ணாடி உயரத்தில் வந்து மோதும். சீட் பெல்ட்டும் காற்றுப்பையும் காப்பாற்றுவதற்காக வடிவமைக்கப்பட்ட மோதலே அல்ல அது. பகலில், வெளிச்சத்தில், இடது ஓரத் தடத்தைத் தவிர்த்துச் சீராகப் போகும் காருக்கு இந்த ஆபத்து பெருமளவு குறைகிறது.

இப்போது ஒப்பிடலாம். சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ஈசிஆர் வழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ஜிஎஸ்டி வழி அதைவிட நீளம். 170 என்று வைத்துக்கொள்ளலாம். மீடியன் உள்ள சாலையில் ஒரு கிலோமீட்டருக்கான ஆபத்தை ஓர் அலகு என்றும், இல்லாத சாலையில் இரண்டு அலகு என்றும் கொண்டால், ஜிஎஸ்டி வழியின் மொத்தம் 170. ஈசிஆரில் மாமல்லபுரம் வரையிலான 55 கிலோமீட்டருக்கு 55, இருவழியாக இருக்கும்வரை மிச்சம் 95 கிலோமீட்டருக்கு 190, மொத்தம் 245. நீளமான வழியே பாதுகாப்பான வழி. இந்த இரண்டு என்ற எண் உதாரணத்துக்காக எடுத்துக்கொண்டதுதான். ஆனால் அதை ஒன்றரையாகக் குறைத்தாலும் முடிவு மாறுவதில்லை. மாமல்லபுரத்தோடு நின்றுவிடும் பயணத்துக்கு இந்த வாதம் பொருந்தாது. பகலில் காரில் போகிறவர் ஈசிஆரின் நான்கு வழிப் பகுதியில் வேகவரம்புக்குள் போய்வரலாம்.

இருசக்கர வாகனத்துக்கு மூன்றுமே நல்ல விடையல்ல. சரியாக மாட்டிய ஹெல்மெட் இறப்பு வாய்ப்பை ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக்காய வாய்ப்பை 69 விழுக்காடும் குறைப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடு சொல்கிறது. அதற்கு மேல் மிஞ்சும் ஆபத்து மிகப் பெரியது. எழும்பூரிலிருந்து புதுச்சேரிக்கு ரயில் இருக்கிறது. மாம்பலத்தில் ஏறினால் செங்கல்பட்டு வரை புறநகர் ரயில் இருக்கிறது. வழியைத் தேர்வதைவிட வண்டியைத் தேர்வது சில நேரம் பெரிய முடிவு.

விபத்துக்குப் பிறகான முதல் மணி நேரமும் வழித் தேர்வின் ஒரு பகுதி. ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. ஓஎம்ஆரில் கேளம்பாக்கம் வரை பெரிய மருத்துவமனைகள் உண்டு. மாமல்லபுரத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையே அத்தகைய வசதி அரிது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18 அன்று ஜிஎஸ்டி சாலையோர ஊரான மேல்மருவத்தூரில் தொடங்கியது. தொடக்கத்தில் ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை என்று வரம்பு வைக்கப்பட்டது. அடிபட்டவரைத் தூக்கிச் சென்றவரை யாரும் வழக்கில் இழுக்கக் கூடாது என்பதற்கு 2016இல் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் அளித்த நெறிமுறைகளும், 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவும் துணை நிற்கின்றன. 108க்கு அழைத்துவிட்டு ஒதுங்கி நின்ற தலைமுறைக்கு இந்தச் செய்தி இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை.

இரவு

காரின் தாழ்ஒளி விளக்கில், கறுப்புச் சட்டை போட்டு நடந்து வருபவர் ஏறத்தாழ 50 மீட்டருக்குள் வந்த பிறகே தெளிவாகத் தெரிவார். மணிக்கு 40 கிலோமீட்டரில் நிறுத்தும் தூரம் 46 மீட்டர். விளக்கில்லாத சாலையில் 60இல் போகிறவர் தன் விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிற்க முடியாத வேகத்தில் போகிறார் என்று பொருள். ஹை பீம் போட்டால் அவருக்குத் தெரியும். எதிரே வருபவருக்குக் கண் கூசி ஒன்றும் தெரியாது. மீடியன் இல்லாத தெற்கு ஈசிஆரில் இரவுப் பயணம் இதனால் இருமடங்கு கடினம்.

அதிகாலை இரண்டிலிருந்து ஐந்து மணிக்குள் உடலின் உள்கடிகாரம் தூக்கத்தை வலியுறுத்துகிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன் ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் அளவுக்கு மங்கிவிடுவதை 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். இந்தியச் சட்டம் அனுமதிக்கும் அளவே 0.03தான். நாள் முழுவதும் வேலை பார்த்துவிட்டு நள்ளிரவில் புறப்பட்டு விடியலில் ஊர் போய்ச் சேரும் பழக்கம் நெரிசலைத் தவிர்க்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்தை விலைக்கு வாங்குகிறது. புதுச்சேரியில் மது விலை குறைவு என்பதால் ஞாயிறு மாலை வடக்கே திரும்பும் ஓட்டத்துக்குத் தனி ஆபத்து உண்டு. தமிழ்நாட்டைச் சேர்ந்த கே. பாலு தொடுத்த வழக்கில்தான் நெடுஞ்சாலைகளின் 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டிலேயே சிறிய ஊர்களுக்கு அந்தத் தூரம் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது.

செயலி காட்டும் வழி

இன்று பெரும்பாலோர் கைப்பேசியின் வழிகாட்டிச் செயலி சொல்கிற பாதையில் போகிறார்கள். அதன் அடிப்படைக் கணிதத்தை டச்சு அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்டார். ஒவ்வொரு சாலைத் துண்டுக்கும் ஒரு விலை வைத்து, மொத்த விலை மிகக் குறைந்த பாதையைக் கண்டுபிடிப்பதே அது. விலையாக எதை வைப்பது என்பது மனிதரின் முடிவு. செயலிகள் நேரத்தை வைக்கின்றன. அதனால்தான் நான்கு நிமிடம் மிச்சமென்று இரவில் கார்களைக் கோவளம்–கேளம்பாக்கம் இணைப்புச் சாலையிலோ ஏதோ ஓர் ஊரின் உள்தெருவிலோ அவை திருப்பிவிடுகின்றன. நேரத்துக்குப் பதில் ஆபத்தை விலையாக வைத்தாலும் அதே கணிதம் தடையின்றி வேலை செய்யும். வேண்டியது ஒவ்வொரு துண்டுக்குமான ஆபத்துத் தரவு மட்டுமே.

அந்தத் தரவைத் திரட்டும் வேலையில் தென்சென்னைக்கே பங்கு உண்டு. காவல் துறை, நெடுஞ்சாலை, மருத்துவமனை ஆகியவற்றின் விபத்துப் பதிவுகளை ஒரே இடத்தில் சேர்க்கும் தேசியத் தரவுத்தளத்தை உருவாக்கியது அடையாற்றுக்கு அருகிலுள்ள சென்னை ஐஐடி. 2021இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் அது முதலில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே அந்தக் கல்வி நிறுவனமும் மத்திய அமைச்சகமும் மேப்மைஇந்தியா நிறுவனமும் சேர்ந்து, விபத்து அதிகம் நடக்கும் இடம் வருவதற்கு முன்பே ஓட்டுநரை எச்சரிக்கும் இலவசச் செயலியை அறிமுகப்படுத்தின. எச்சரிப்பது முதல் படி. ‘வேகமான வழி’ என்பதன் பக்கத்திலேயே ‘பாதுகாப்பான வழி’ என்று இன்னொரு கோட்டை வரைந்து காட்டுவது அடுத்த படியாக இருக்க வேண்டும்.

வேறு வழி இல்லாதவர்கள்

இதுவரை சொன்ன தேர்வு எல்லாம் சக்கரத்தில் போகிறவருக்கு உரியது. பாலவாக்கத்திலோ கோவளத்திலோ சாலையின் கடல் பக்கம் வசிப்பவருக்கு மாற்று வழி கிடையாது. பேருந்துக்குப் போக ஒரு பக்கம், திரும்பி இறங்க மறுபக்கம் என்றிருப்பதால், வேலைக்கோ பள்ளிக்கோ பேருந்தில் போய்வரும் எவரும் நாளில் ஒரு முறையாவது முழுச் சாலையையும் கடந்தாக வேண்டும்.

ஒரு தடத்தின் அகலம் மூன்றரை மீட்டர். ஆறு தடம் என்றால் 21 மீட்டர். விநாடிக்கு 1.2 மீட்டர் நடக்கும் ஆரோக்கியமானவருக்கு அதைக் கடக்க ஏறத்தாழ 18 விநாடி. மணிக்கு 80இல் வரும் வண்டி அதற்குள் 390 மீட்டர் ஓடிவிடும். வண்டியின் வேகத்தைக் கண்ணால் சரியாக மதிப்பிட முடியாத தூரம் அது. நடுவில் பாதுகாப்பாக நிற்க இடமிருந்தால் ஒரு நேரத்தில் மூன்று தடம் மட்டும் கடந்தால் போதும்: ஒன்பது விநாடி, 195 மீட்டர். வண்டியின் வேகத்தையும் 50ஆகக் குறைத்தால் 120 மீட்டர். முதியவரின் கண்ணும் காலும் சமாளிக்கக்கூடிய எண் அதுதான். 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை காருக்கு 60, இருசக்கர வாகனத்துக்கு 50, குடியிருப்புப் பகுதிக்கு 30 கிலோமீட்டர் என்று வரம்பு வகுத்ததை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கலாம்.

நடைமேம்பாலம் கட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று கருதும் வழக்கம் இன்னும் போகவில்லை. நாற்பது படி ஏறி இறங்கச் சொன்னால், மூட்டுவலி உள்ளவரும் மீன்கூடை சுமப்பவரும் கீழேயே கடப்பார்கள். அவர்களை ஒழுங்கீனமானவர்கள் என்று சொல்வது நியாயமில்லை. நடப்பவரை முன்னிறுத்திச் சாலையை அமைக்க முடியும் என்பதற்குத் தியாகராய நகரே சான்று: 2019இல் பாண்டி பஜாரில் நடைபாதைகள் அகலமாக்கப்பட்டன, 2023இல் மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைத்து ஆகாய நடைபாதை திறக்கப்பட்டது. மயிலாப்பூர் மாட வீதிகளில் கோயில் திருவிழா நாட்களில் வண்டிகளே நடப்பவருக்கு ஒதுங்கி வழிவிடுகின்றன. சென்னை மாநகராட்சி 2014இலேயே நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றுக்கொண்டது. அந்த முன்னுரிமை நகரின் கடைத்தெருக்களோடு நின்று, நெடுஞ்சாலை தொடங்கும் திருவான்மியூரைத் தாண்டாமல் இருப்பதற்கு அறிவியல் காரணம் எதுவும் இல்லை. நீலாங்கரையிலும் கோவளத்திலும் வேண்டியது, சைக்கிளோடு ஒருவர் நிற்கும் அளவு இரண்டு மீட்டர் அகல நடுத்தட்டு, கடவைக்கு முன்பே வண்டிகளின் வேகத்தை 30க்குக் குறைக்கும் உயர்த்திய தளம், கடவையின் மேல் அணையாமல் எரியும் ஒரு விளக்கு.